116 பவுண்டு துணி

குவில்ட் தைப்பவர்கள் சேர்த்து வைக்கும் துணிக்கு அமெரிக்காவில் 'ஸ்டாஷ்' என்று பெயர். ஒளித்து வைத்த சேமிப்பு என்பது அந்தச் சொல்லின் பொருள். வீட்டுக்காரர் கண்ணில் படாமல் வாங்கி அலமாரிக்குள் தள்ளுவது என்ற குறும்பும் அதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. குவில்ட் மூன்றடுக்குப் போர்வை. மேலே துண்டுத் துணிகளை ஒட்டித் தைத்த பரப்பு, நடுவே பஞ்சுத் தகடு, அடியில் ஒரு முழுத் துணி, மூன்றையும் ஊடுருவிப் பிடிக்கும் தையல். ஒரே போர்வைக்கு இருபது முப்பது வகைத் துணி தேவைப்படலாம். எது எப்போது கைகொடுக்கும் என்று முன்கூட்டித் தெரியாது. ஆகவே கண்ணுக்குப் பிடித்ததை வாங்கி வைப்பது இந்தக் கைவேலையில் குற்றமாகக் கருதப்படுவதில்லை. அளவு மீறியவர்களைக் கேலிசெய்ய 'சேபிள்' என்ற சுருக்கப்பெயர் வழங்குகிறது. ஆயுளுக்குள் தைத்துத் தீராத அளவுக்குச் சேர்ந்துவிட்ட துணி என்பது அதன் விரிவு. பாதியில் நிற்கும் தையல் வேலைக்கு 'யூ.எஃப்.ஓ.' என்று பெயர். அதில் பறக்கும் தட்டு ஏதுமில்லை, முடிக்காமல் போட்ட பொருள்தான்.

இங்கே நினைவுகூரப்படும் ஸ்டாஷ், டெக்சஸ் மாநிலம் ஹியூஸ்டனின் மேற்குப் புறநகரில், ஒரு தமிழ்க் குடும்பத்தின் விருந்தினர் அறையில் 1994 முதல் வளர்ந்தது. அதற்குரியவர் கும்பகோணத்துக்காரர், கணக்கு வேலை பார்த்தவர். அவருடைய துணிக் குவியலின் அடிமட்டத்தில் கிடந்தவை குவில்ட் துணிகளே அல்ல, பிளவுஸ் பிட்டுகள். தமிழ் வீடுகளில் பிளவுஸ் பிட்டுக்கென்று தனிப் போக்குவரத்து உண்டு. வரலட்சுமி நோன்புக்கு ஒரு வீட்டில் வெற்றிலை பாக்கோடு வாங்கியது, கொலுவுக்கு இன்னொரு வீட்டுக்குப் போகும். அங்கிருந்து சீமந்தத்துக்கு மூன்றாவது வீட்டுக்கு. நாலைந்து கை மாறி, புறப்பட்ட வீட்டுக்கே திரும்பி வந்து சேர்வதும் நடக்கும். தைப்பவரும் இல்லை, எறிபவரும் இல்லை. ஒவ்வொரு ஊர்ப் பயணத்திலும் பெட்டியில் பத்துப் பன்னிரண்டு வரும். ஹியூஸ்டனில் அன்றைக்குத் தமிழ்க் குடும்பங்கள் குறைவு, சுற்றோட்டமும் மெல்ல. வந்தவை தங்கிவிட்டன.

அலுவலகத் தோழி ஒருவர் குவில்ட் கற்றுக்கொடுத்த பிறகு அவற்றின் மேல் அமெரிக்கப் பருத்தி ஏறியது. அந்த ஊர்க் கடைகளில் இந்தத் துணி சுமார் 44 அங்குல அகலத்தில், கெஜக் கணக்கில் விற்கிறது. கால் கெஜம் கேட்டால் 9 அங்குலத்தில் நீளவாக்கில் ஒரு பட்டைதான் கிடைக்கும், பெரிய பூவை வெட்ட அது உதவாது. அதனால் அரை கெஜத்தை வெட்டி நடுவில் இரண்டாக்கி, 18-க்கு 22 அங்குலத் துண்டாக விற்பார்கள். இதுதான் 'ஃபேட் குவார்ட்டர்'. ஸ்டாஷ் பெருத்ததற்கு யாரையாவது குறை சொல்ல வேண்டுமானால் இதைச் சொல்லலாம். அப்போது விலை இரண்டு மூன்று டாலர், கைக்குள் அடங்கும் மடிப்பு, கல்லாவுக்குப் பக்கத்தில் கூடை. முறுக்குப் பொட்டலம் வாங்குவதைப் போல எடுத்துப் போட்டுக்கொண்டு வரலாம். 1979-இல் ஓல்ஃபா நிறுவனம் கொண்டுவந்த ரோட்டரி கட்டர், அதாவது பீட்சா வெட்டும் சக்கரம் போன்ற கத்தி, நாலைந்து மடிப்புத் துணியை ஒரே இழுப்பில் வெட்டும். வெட்டுவது எளிதானதும் தைப்பவர் கூடினர், வாங்குவது அதைவிட வேகமாகக் கூடியது.

ஹியூஸ்டனில் இருந்தது இன்னொரு வினை. ஆண்டுதோறும் இலையுதிர் காலத்தில் நகர மையத்தில் உள்ள ஜார்ஜ் ஆர். பிரௌன் மாநாட்டு அரங்கில் சர்வதேசக் குவில்ட் விழா நடக்கிறது. ஒரு பக்கம் காட்சி, மறுபக்கம் கடைகள். காட்சிக்குப் போகிறவர்கள் கடை வழியாகத்தான் வெளியே வர முடியும் என்றில்லை, ஆனாலும் எல்லோரும் அப்படித்தான் வருகிறார்கள். 2002-இல் ஹியூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் அலபாமா மாநிலத்து ஜீஸ் பெண்ட் கிராமக் குவில்ட்டுகளின் கண்காட்சி தொடங்கியது. ஆற்று வளைவில் ஒதுங்கிய அந்த ஊரின் கறுப்பினப் பெண்கள் வயல் வேலையில் முட்டி தேய்ந்த கால்சட்டையையும் பழைய சட்டைகளையும் கிழித்துத் தைத்த போர்வைகள் அவை. சட்டைப்பை இருந்த இடம் மட்டும் வெளுக்காமல் கருநீலமாக நிற்கும். சேமிப்பு என்று எதுவுமில்லாதவர்கள் தைத்ததைப் பார்த்து மெய்சிலிர்த்து, திரும்பும் வழியில் கடையில் நிறுத்தி, அதே கருநீலத்தில் 4 கெஜம் புதுத் துணி வாங்கினார் இந்தக் கும்பகோணத்துக்காரர். பல ஆண்டுகள் கழித்து இதைச் சொல்லிச் சிரிப்பார்.

2017-க்குள் விருந்தினர் அறையில் கட்டிலைத் தவிர மற்ற இடமெல்லாம் துணியாக இருந்தது. மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டிகள் 14, அட்டைப் பெட்டிகள் 6, அலமாரித் தட்டுகள், கட்டிலுக்கடியில் இரண்டு சூட்கேஸ். முறை என்று ஒன்று இருந்தது: வாங்கிய வரிசை. கடைசியில் வாங்கியது மேலே, அதற்கு முந்தையது அதற்குக் கீழே. மண்ணடுக்கைத் தோண்டுவதுபோல் தோண்டினால்தான் பழையது கிடைக்கும். தோண்டுவதைவிடக் கடைக்குப் போய்வருவது சுலபமாக இருந்தது.

அந்த ஆண்டு ஆகஸ்ட் கடைசியில் ஹார்வி புயல் வந்து ஹியூஸ்டன்மேல் நின்றுவிட்டது. நாலு நாள் விடாத மழை. வீட்டுக்குள் ஏறிய தண்ணீர் நாலங்குலம்தான். ஆனால் அது தெருச் சாக்கடை கலந்த தண்ணீர், அரை நாளில் வடியவும் இல்லை. அட்டைப் பெட்டிகள் அடியிலிருந்து உறிஞ்சிக்கொண்டு சரிந்தன. பிளாஸ்டிக் பெட்டிகளில் மூன்று, பாரம் தாங்காமல் முன்பே அடியில் விரிசல் விட்டவை. அவற்றுக்குள் துணி திரிபோல வேலை செய்து, நாலங்குலத் தண்ணீரைப் பதினாறு அங்குல உயரம் வரை இழுத்துவிட்டது. விரிசல் விடாத பெட்டிகள் ஈரக்காற்றை உள்ளே அடைத்து வைத்திருந்தன. திறந்தபோது பழைய கிணற்று வாசம் அடித்தது.

தண்ணீர் வடிந்ததும் சுவரின் ஷீட்ராக் பலகையை நாலடி உயரத்துக்கு வெட்டி எடுக்க வேண்டியிருந்தது, அறையைக் காலி செய்தாக வேண்டும். பூஞ்சை கறுப்பாகப் பிடித்த துணி ஏழு குப்பைப் பைகள் போயின. மிச்சம் முழுவதையும் சுடுநீரில் சோப்புப் போட்டு, தொகுதி தொகுதியாகத் துவைக்க ஒன்பது நாள் ஆனது. ட்ரையரில் போட்டால் துண்டுத் துணிகள் ஓரம் பிரிந்து நூல்நூலாகச் சிக்கிக்கொள்ளும். எனவே மாடிப்படிக் கைப்பிடி, நாற்காலி முதுகு, கராஜில் கட்டிய கயிறு, சாப்பாட்டு மேசை என்று வீடு முழுக்க உலர்த்தப்பட்டது. பெரிய துணிக்கடை ஒன்று நொடித்துப்போய் வீட்டுக்குள் புகுந்தாற்போலிருந்தது.

துவைத்ததில் ஒரு சேதமும் நேர்ந்தது. சென்னையிலிருந்து வந்த, சிவப்பும் நீலமும் கட்டம் போட்ட துணி ஒன்று சாயம் விட்டு, கூடப் போட்ட வெள்ளைகள் பதினொன்றை இளஞ்சிவப்பாக்கியது. மதராஸ் கட்டத்துக்கு அமெரிக்காவில் இது பழைய புகழ். 1950-களின் இறுதியில் அங்கே போய்ச் சேர்ந்த அந்தத் துணி துவைக்கத் துவைக்கச் சாயம் இழந்தது; அதை மறைக்காமல், கட்டாயம் சாயம் போகும் என்ற உத்தரவாதத்தையே விளம்பரமாக்கி விற்றுவிட்டார்கள். இந்த வீட்டில் அந்தச் சாமர்த்தியம் பலிக்கவில்லை. அதற்குப் பிறகு சிவப்பு, கருநீலம், கையால் சாயமேற்றியது எதுவாக இருந்தாலும் தனியே ஒரு வாளியில் ஊறவைத்து, வெள்ளைக் கைக்குட்டையைக் கூடப் போட்டுப் பார்ப்பது வழக்கமானது. கைக்குட்டை வெள்ளையாகவே எழுந்தால்தான் துணிக்கு அலமாரியில் இடம்.

உலர்ந்த துணி முழுவதும் ஒரே நேரத்தில் கண்ணுக்கு முன்னால் இருந்தது அந்த ஒரு வாரம்தான். இருபத்துமூன்று ஆண்டில் அப்படி ஒரு முறைகூட நிகழ்ந்ததில்லை. ஊரிலிருந்து உதவிக்கு வந்திருந்த மகள் மாடிப்படியில் நின்று எண்ணத் தொடங்கினாள். "அம்மா, நீலத்துல வெள்ளைப் புள்ளி போட்டது மட்டும் நாலு இருக்கு." நாலும் வெவ்வேறு ஆண்டில் வாங்கியவை. புள்ளி ஒன்றில் கடுகளவு, இன்னொன்றில் மிளகளவு; வேறு வித்தியாசம் இல்லை. ஒவ்வொரு முறையும், இப்படி ஒன்று தன்னிடம் இல்லையே என்றுதான் அவர் வாங்கியிருக்கிறார்.

பிறகு எடை போடப்பட்டது. குளியலறைத் தராசில் துணிப் பையோடு ஏறி நிற்பது, பை இல்லாமல் ஏறி நிற்பது, கழிப்பது. மொத்தம் 116 பவுண்டு. குவில்ட் பருத்தி ஒரு பவுண்டுக்கு ஏறத்தாழ 3 கெஜம் நிற்கும், ஆக 350 கெஜம். சோபாவில் போர்த்திக்கொள்ளும் அளவு போர்வைக்கு, 60-க்கு 72 அங்குலத்துக்கு, மேலும் கீழும் சேர்த்து 9 கெஜம் வரை பிடிக்கும். அப்படியானால் கையிருப்பு 39 போர்வை. இருபத்துமூன்று ஆண்டில் அவர் தைத்து முடித்தவை 31. அதே வேகத்தில் போனால், இனி ஓர் அங்குலம்கூட வாங்காமல் தைத்தாலும், மேலும் 29 ஆண்டு. அன்றைக்கு அவருக்கு வயது 57. கணக்கு எழுதியே பிழைத்தவர் என்பதால் இந்த எண்ணை அவரால் எளிதில் தள்ளிவிட முடியவில்லை. கணவர் எட்டிப் பார்த்து, "எண்பத்தாறு வரைக்கும் கவலையில்லைன்னு சொல்லு" என்றாராம்.

பிரிக்கும் வேலையில் முதலில் செய்தது நிறவாரியாக அடுக்குவது. பத்திரிகைப் படங்களில் வானவில்லாகத் தெரிவது இந்த முறைதான், பார்க்கவும் அழகு. ஆனால் இரண்டு நாளில் அதன் குறை தெரிந்தது. குவில்ட்டில் உருவத்தை எழுப்புவது நிறம் மட்டுமல்ல, வெளிர் எது, அடர்த்தி எது என்பதுதான். அடர்பச்சையும் அடர்சிவப்பும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பகலில் பளிச்சென்று பிரிந்து தெரியும், நாலடி தள்ளி நின்றால் ஒன்றோடொன்று கலந்து கோலம் காணாமல் போகும். இதைச் சோதிக்க எளிய வழி, துணிகளை வரிசையாக வைத்துக் கைப்பேசியில் கறுப்பு வெள்ளைப் படம் எடுப்பது. எடுத்துப் பார்த்தபோது ஸ்டாஷின் முக்கால்வாசி ஒரே சாம்பலாகத் தெரிந்தது. வெளிர் இல்லை, ஆழ்ந்த அடர்த்தியும் இல்லை, எல்லாம் நடுத்தரம். கடையில் கையை இழுப்பது எப்போதும் நடுத்தரப் பூத்துணிதான். பின்புலத்துக்கு வேண்டிய மங்கல் வெள்ளையை ஆசைப்பட்டு வாங்குபவர் யார்? 350 கெஜம் வைத்துக்கொண்டும் ஒவ்வொரு போர்வைக்கும் கடைக்கு ஓட வேண்டியிருந்ததன் காரணம் அந்தப் படத்தில் இருந்தது.

அதன்பின் அடுக்கு முறை மாறியது. ஒவ்வொரு நிறத்துக்குள்ளும் வெளிரிலிருந்து அடர்த்திக்கு. பெரிய பூ, பொடிப் பூ, கோடு, கட்டம் என்ற பிரிவு அதற்குப் பிறகு. இரண்டு கெஜத்துக்கு மேற்பட்டவை அடித்துணியாகப் பயன்படும் என்பதால் நிறம் பாராமல் தனித்தட்டில். கையால் சாயமேற்றியவை, பட்டு, பாலியெஸ்டர் கலந்தவை பருத்தியோடு சேராமல் வேறிடத்தில். பாலியெஸ்டர் இஸ்திரிச் சூட்டில் சுருங்கிப் பக்கத்துப் பருத்தியையும் கோணலாக்கும்.

மடிப்பதில்தான் மாதம் ஒன்று கழிந்தது. காமிக்ஸ் புத்தகம் வளையாமல் இருக்க அதன் பின்னால் வைக்கும், அமிலம் நீக்கிய வெள்ளை அட்டை அமெரிக்காவில் நூறு நூறாகக் கிடைக்கும். அளவு ஆறே முக்கால் அங்குலத்துக்குப் பத்தரை. கடையில் 44 அங்குலமாக இருக்கும் துணி துவைத்ததும் 42 பக்கம் இறங்கிவிடும். கரையோடு கரை சேர்த்து மடித்தால் 21, மறுபடி மடித்தால் பத்தரை. யாரோ இதற்கென்றே அளந்து செய்தாற்போல அட்டையின் நீளம். மடித்த துணியின் ஒரு முனையை அட்டையில் வைத்து, இழுத்துப் பிடிக்காமல், காற்றும் புகாமல், பாய் சுருட்டுவதுபோல் உருட்டிக்கொண்டு போய், கடைசி முனையை உள்ளே மடக்கி ஒரு குண்டூசி. குண்டூசி துருப்பிடிக்காததாக இருக்க வேண்டும். இழுத்துச் சுற்றினால் அட்டை வளைகிறது. தளர்ந்தால் நிற்க வைக்கும்போது துணி இடுப்பிலிருந்து நழுவும் வேட்டிபோல இறங்குகிறது. நூறாவது அட்டையில்தான் கை பழகியது. துணியின் கரையில் அச்சிட்டிருக்கும் நிறப் புள்ளிகளும் தயாரிப்பாளர் பெயரும் வெளியே தெரியும்படி சுற்றினால், பிறகு அதே துணியைத் தேட வேண்டி வந்தால் உதவும். அட்டை வாங்கப் போன இடத்தில் கடைப் பையன், எந்தக் காமிக்ஸ் சேர்க்கிறீர்கள் என்று ஆவலாகக் கேட்டதும் இந்தக் காலத்து நினைவுகளில் ஒன்று. 300 அட்டைக்கு அவனுக்கு என்ன பதில் சொல்வது என்று தெரியாமல், எல்லாவற்றையும் என்று சொல்லிவிட்டு வந்தார்.

சுற்றிய அட்டைகள் புத்தக அலமாரியில் புத்தகம் போலவே நின்றன. ஒன்றை உருவினால் பக்கத்தில் உள்ளது சரியாது, எது இல்லை என்பதும் ஒரு பார்வையில் தெரியும். அலமாரி சன்னலுக்கு எதிரே வேண்டாம் என்று ஒதுக்கப்பட்டது. வெயில் பட்டால் மடிப்பு முதுகில் மட்டும் கோடாக வெளுத்துவிடும். அடித்தட்டு தரையிலிருந்து இரண்டடி உயரத்தில் வைக்கப்பட்டது. அந்த அளவுக்குக் காரணம் சொல்லத் தேவையில்லை. கஞ்சி போட்ட துணி எதுவும் உள்ளே போகவில்லை, இராமபாணப் பூச்சிக்குக் கஞ்சி விருந்து. நாப்தலின் உருண்டையின் நாற்றம் போர்வையில் ஏறிவிடும் என்பதால் தட்டுக்கு இரண்டு வசம்புத் துண்டு.

கால் கெஜத்துக்குக் குறைந்த வெட்டுத்துண்டுகள் வேறு கதை. அவற்றை அப்படியே பையில் போட்டால் எந்நாளும் பையிலேயே இருக்கும். பானி ஹண்டர் என்ற அமெரிக்கக் குவில்ட் ஆசிரியர் பரப்பிய வழி, துண்டு விழுந்தவுடனேயே குறிப்பிட்ட அகலங்களில் பட்டையாகவும் சதுரமாகவும் வெட்டி வைத்துவிடுவது. ஒன்றரை, 2, இரண்டரை, மூன்றரை அங்குலம் என்று. இந்த வீட்டில் இரண்டரையும் மூன்றரையும் மட்டும் ஏற்கப்பட்டன. இரண்டரை அங்குலச் சதுரம் நாற்புறமும் கால் அங்குலத் தையல் போக 2 அங்குலமாகத் தெரியும். துணியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தையலுக்குள் மறைகிறது. அதனினும் சிறியதை வெட்டினால் தைப்பது துணியையா தையலையா என்ற கேள்வி வரும். அதற்குக் கீழ்ப்பட்டவை பழைய தலையணை உறையில் அடைக்கப்பட்டு, விலங்குக் காப்பகத்து நாய்களுக்கு மெத்தையாகப் போயின.

பிளவுஸ் பிட்டுகளைப் பிரிக்கவே வேண்டியிருக்கவில்லை. செப்டம்பர் 21-இல் நவராத்திரி தொடங்கியது. சுவரின் கீழ்ப்பாதியில் மரச்சட்டம் மட்டும் தெரிந்துகொண்டிருந்த கூடத்தில் கொலு வேண்டுமா என்று ஒரு விவாதம் நடந்து, வைப்பது என்று முடிவானது. காலியான பிளாஸ்டிக் பெட்டிகளைக் கவிழ்த்து, ஏறுவரிசையில் அடுக்கி, மேலே வெள்ளை வேட்டி விரித்ததில் ஐந்து படி கிடைத்தது. சாயம் ஏறி இளஞ்சிவப்பான வெள்ளைகள் படியின் முன்பக்கம் தொங்கலாயின. ஒன்பது நாளும் வந்தவர்களுக்கு வெற்றிலை பாக்கோடு இரண்டிரண்டு பிளவுஸ் பிட். வெள்ளத்தில் நனையாத 60 துண்டுகள் அப்படித் தீர்ந்தன. அவற்றில் மூன்று, அடுத்த வரலட்சுமி நோன்புக்குத் திரும்பி வந்தன.

கைவிட முடியாதவை ஒரே பெட்டியில் சேர்ந்தன. தாயாரின் மதுரைச் சுங்குடிப் புடவை இரண்டு, மகளின் பள்ளிச் சட்டை, முதல் குவில்ட்டில் மிச்சமான அரை கெஜம். முதலில் இவையும் நிறப்படி தட்டுகளில் கலந்திருந்தன, வெட்டும் மேசைக்கு வந்து வந்து திரும்பிப் போயின. தைக்கும் துணியும் வைத்துக்கொள்ளும் துணியும் ஒரே தட்டில் இருந்தால் எதுவும் தைக்கப்படுவதில்லை என்பது அப்போது புரிந்தது. பெட்டிக்கு அளவு ஒன்றுதான்: மூடி மூட வேண்டும்.

நவம்பர் முதல் வாரத்தில் குவில்ட் விழா வழக்கம்போல் நடந்தது. இரண்டு மாதம் முன்பு வெள்ளத்துக்கு ஒதுங்கிய பத்தாயிரம் பேர் படுத்திருந்த அதே அரங்கில்தான். அலமாரியின் கறுப்பு வெள்ளைப் படத்தைக் கைப்பேசியில் வைத்துக்கொண்டு போனவர், மங்கல் வெள்ளை 6 கெஜமும் கரும்பழுப்பு 2 கெஜமும் மட்டும் வாங்கி வந்தார். ஒரு ஃபேட் குவார்ட்டரும். அதில் வெள்ளைப் புள்ளி இல்லை.

அதிலிருந்து ஆண்டுக்கொருமுறை, போகியன்று, எடை போடப்படுகிறது. 2018-இல் 97 பவுண்டு. அடுத்த இரண்டு ஆண்டும் மெல்ல இறங்கியது. பெரிய சரிவு 2020-இல். கொரோனாவின் முதல் மாதங்களில் முகக்கவசம் கடையில் கிடைக்காதபோது அமெரிக்காவெங்கும் குவில்ட் தைப்பவர்கள் ஸ்டாஷைத் திறந்தார்கள். நெருக்கமாக நெய்த இந்தப் பருத்தி அதற்குப் பொருத்தமாக இருந்தது. 9-க்கு 6 அங்குலத்தில் இரண்டு துண்டு ஒரு கவசம், கெஜத்துக்கு 14. எலாஸ்டிக் எங்கும் தீர்ந்துபோயிருந்ததால் காதுக்குப் பதில் தலைக்குப் பின்னால் கட்டும் நாடா, அதற்கு வெட்டி வைத்திருந்த இரண்டரை அங்குலப் பட்டைகள். 40 கெஜம் அலமாரியிலிருந்து போனது. எது எங்கே இருக்கிறது என்று தேட வேண்டியிருக்கவில்லை, நீலத்தில் வெள்ளைப் புள்ளி நாலும் முதலில் தீர்ந்தன.

2025 போகியில் தராசு காட்டியது 61 பவுண்டு. அந்த ஜனவரியிலேயே ஜோஆன் துணிக்கடை நிறுவனம் திவால் மனு கொடுத்தது. மே மாதத்துக்குள் நாடு முழுவதும் இருந்த அதன் கடைகள் எல்லாம் மூடப்பட்டன. கடைசி வாரங்களில் துணி கால் விலைக்கும் கீழே போனது. 2026 போகியில் 68. ஏறிய ஏழில் ஐந்து பவுண்டு மங்கல் வெள்ளை. மிச்சம் இரண்டு பவுண்டுக்கு நோட்டுப் புத்தகத்தில் விவரம் எழுதப்படவில்லை.